இறக்குமதி இயந்திரமும் நம் உடம்பும்: பணிச்சூழலியல் ஓர் எளிய அறிமுகம்

எர்கோனாமிக்ஸ் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அலுவலக நாற்காலி. முதுகைத் தாங்கும், கைப்பிடி ஏறி இறங்கும் அந்த நாற்காலியும் இந்தத் துறையைச் சேர்ந்ததுதான். ஆனால் துறை அதைவிட எவ்வளவோ பெரியது. வேலையையும் கருவியையும் அதைச் செய்கிற மனிதருக்கு ஏற்றபடி எப்படி அமைப்பது என்று ஆராய்வதுதான் இது. தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். அரிவாளின் பிடி, தறியின் உயரம், பட்டறைக்குள் இருக்கும் சூடு, ஷிப்டின் நீளம், எச்சரிக்கைப் பலகை எழுதப்பட்டிருக்கும் மொழி, ஒரே ஆள் ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர்களைக் கவனிக்க முடியும் என்பது எல்லாமே இதற்குள் வரும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளும் ராடார் பார்ப்பவர்களும் நிறைய தவறு செய்தார்கள். கருவிகளை அமைத்த விதமே அவர்களைத் தவறு செய்ய வைத்தது என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1949இல் பிரிட்டனில் இதற்கென ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆக, இந்தத் துறை வளர்ந்ததும் அதன் அளவுகள் எடுக்கப்பட்டதும் பெரும்பாலும் பணக்கார, குளிர்ப் பிரதேச நாடுகளில்தான்.

சரி, தொழில்நுட்பப் பரிமாற்றம் என்றால் என்ன? ஓரிடத்தில் உருவான இயந்திரத்தையோ செய்முறையையோ இன்னோர் இடத்துக்குக் கொண்டுவந்து ஓட வைப்பது. ஒப்பந்தத்தில் இயந்திரம், வரைபடம், உரிமம், பயிற்சி என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். எழுதாமலே ஒருவர் கூட வருகிறார். அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்த ஆள் அவர். அவருக்கு இன்ன உயரம், இவ்வளவு கை நீளம். அவர் கூடத்தில் வெயில் இல்லை. காலில் ஷூ போட்டிருக்கிறார். கையேட்டை அவர் மொழியில் படிக்கிறார். பழுதென்று போன் செய்தால் மறுநாளே மெக்கானிக் வருகிறார். வளரும் நாடுகளில் எத்தனையோ நல்ல இயந்திரங்கள் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதற்கு, அந்த ஆளும் அதைக் கையாள வேண்டிய ஆளும் வேறு வேறு என்பது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அளவுகளிலிருந்து தொடங்கலாம், அதுதான் கண்ணுக்குத் தெரிவது. அமெரிக்க ஆணின் சராசரி உயரம் சுமார் 175 செ.மீ. இந்திய ஆணின் சராசரி அதைவிடச் சுமார் 10 செ.மீ. குறைவு, இந்தியப் பெண்ணின் சராசரி சுமார் 152 செ.மீ. 10 செ.மீ. என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்த உயரத்துக்குச் செய்த லேத் முன்னால் ஒரு நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி நிற்பவரிடம் கேட்டால் தெரியும். 1970களில் அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளர் ஒருவர் போட்ட கணக்கு இந்தத் துறையில் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்க ஆண்களில் 90 சதவீதம் பேருக்குப் பொருந்தும்படி ஒரு கருவியைச் செய்தால், அது ஜெர்மானியர்களில் 90, பிரெஞ்சுக்காரர்களில் 80, இத்தாலியர்களில் 65, ஜப்பானியர்களில் 45, தாய்லாந்துக்காரர்களில் 25 சதவீதம் பேருக்குப் பொருந்தும். வியட்நாமியர்களில் வெறும் 10 சதவீதம் பேருக்குத்தான்.

அப்படியானால் நம் சராசரிக்குச் செய்துவிட்டால் போதுமா என்றால், போதாது. புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் இது. சராசரி உயரத்துக்கு ஒரு கதவு வைத்தால் பாதிப் பேருக்குத் தலை இடிக்கும். சராசரிக் கைக்கு ஏற்றபடி நெம்புகோலை வைத்தால் பாதிப் பேருக்கு எட்டாது. அதனால் வடிவமைப்பாளர்கள் ஆட்களை உயர வரிசையில் நிறுத்தி இரண்டு ஓரங்களையும் பார்ப்பார்கள். இடைவெளி, கதவு, முழங்கால் புகும் இடம் இவற்றுக்கெல்லாம் பெரிய உடம்புதான் கணக்கு. எட்டிப் பிடிக்க வேண்டியதற்கும் மிதிக்க வேண்டியதற்கும் சிறிய உடம்பு. இரண்டும் ஒத்துவராத இடத்தில் ஏற்றி இறக்கும் வசதி வைப்பார்கள். இதையெல்லாம் செய்ய அந்தந்த மக்களின் அளவுகள் கையில் இருக்க வேண்டும். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டது 1997இல்தான். அதற்குள் எத்தனை ஆலைகள், எத்தனை டிராக்டர்கள், எத்தனை பேருந்துகள் வந்து இறங்கிவிட்டன என்று யோசித்துப் பாருங்கள்.

உயரம் மட்டும் கணக்கல்ல, யாருடைய உடம்பு என்பதும் கணக்கு. தமிழ்நாட்டில், நாற்றை வரிசையாக நடும் திருந்திய நெல் சாகுபடி பரவியபோது அதோடு கோனோ வீடர் என்ற களை எடுக்கும் கருவியும் வந்தது. சாகுபடி முறை உருவானது மடகாஸ்கரில், களை எடுக்கும் கருவி உருவானது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில். வரிசைக்கு நடுவே நிமிர்ந்து நின்று தள்ளிக்கொண்டே போகலாம். நாள் முழுக்கக் குனிந்து கையால் களை பறித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் களை பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒட்டும் களிமண்ணில் அதைத் தள்ள நல்ல வலு வேண்டும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் வரப்போரத்தில் தூக்கித் திருப்ப வேண்டும், கைப்பிடியின் உயரம் குட்டையானவர்களுக்கு நெஞ்சருகே வந்து நிற்கும். பல ஊர்களில் அந்த வேலை ஆண்கள் கைக்குப் போனது, அதோடு கூலியும் போனது. எடையைக் குறைத்து, கைப்பிடியை மாற்றிச் செய்த மாதிரிகள் பிறகுதான் வந்தன.

அப்புறம் வெப்பம். பூச்சிமருந்து அடிப்பவர் ரப்பர் கையுறை, முகமூடி, முழு உடல் அங்கி எல்லாம் அணிய வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. குளிர் நாட்டில் அது நியாயமான அறிவுரை. ஏப்ரல் வெயிலில், முதுகில் நிறைந்த தெளிப்பானோடு நடக்கிறவர் அதை மாட்டிக்கொண்டால் வியர்வை ஆவியாக வழியில்லை, உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. அவர் அங்கியைக் கழற்றி வைப்பதை அறியாமை என்று சொல்வது தப்பு. இரண்டு ஆபத்துகளில் உடனே ஆளைச் சாய்க்கும் ஆபத்தை அவர் தவிர்க்கிறார். அடிக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவது, தெளிப்பானையும் மருந்தையும் மாற்றுவது, மருந்தின் தேவையையே குறைப்பது என்று பிரச்சினையை வேறு முனையிலிருந்து அணுக வேண்டும்.

ஜெய்ப்பூரில் செய்த கால்

உடம்பின் அளவைவிட ஆழமான ஒன்று உண்டு. உட்காருவது, நடப்பது, சாப்பிடுவது, கும்பிடுவது என்று அன்றாடம் உடம்பைப் பயன்படுத்தும் விதம். இதற்கு எனக்குத் தெரிந்து ஜெய்ப்பூர் காலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

1950களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய சாச் என்ற செயற்கைப் பாதம் உலகெங்கும் பரவியது. உள்ளே கெட்டியான மரத்துண்டு, குதிகாலில் மெத்தென்ற ரப்பர், அதற்கு மேல் ஷூ. தட்டையான தரையில், ஷூ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் மனிதருக்கு நன்றாகப் பொருந்தும். 1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த பி.கே. சேத்தி கவனித்தது வேறு. கால் பொருத்திக்கொண்டு போனவர்கள் கொஞ்ச நாளில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பினார்கள்.

காரணம் அவர்கள் வாழும் முறையில் இருந்தது. குத்துக்கால் வைத்து உட்கார வேண்டுமானால், பாதம் தரையில் படிந்திருக்கும்போதே முழங்கால் முன்னால் சாய வேண்டும். உள்ளே இருக்கும் மரத்துண்டு அதை விடாது. சம்மணம் போட வேண்டுமானால் பாதம் பக்கவாட்டில் திரும்பிக்கொடுக்க வேண்டும். அதுவும் முடியாது. வயலில் சேற்றில் இறங்கினால் ஷூ கெட்டுப்போகும், ஷூவைக் கழற்றினால் வெறும் பாதம் தேய்ந்து, தண்ணீரில் ஊறிப்போகும். கோயிலுக்குள், சமையலறைக்குள் செருப்பில்லாமல் போகவும் வழியில்லை. கழிப்பறைப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேத்தியோடு சேர்ந்து இதற்கு வழி கண்டவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்காலில் மட்டும் ஒரு மரத்துண்டு, சுற்றிலும் டயர் வேலையில் பயன்படுகிற ரப்பரும் நூலிழையும். இவற்றை அச்சில் வைத்து, டயர் கடையில் செய்வதுபோலச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தினார்கள். விரல்களோடு, தோல் நிறத்தில், தண்ணீர் புகாத பாதம் கிடைத்தது. எல்லாப் பக்கமும் வளைந்துகொடுத்தது. குத்துக்கால் வைக்கலாம், மேடு பள்ளத்தில் நடக்கலாம், மரம் ஏறலாம். ஷூ தேவையில்லை. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 1975இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம் இந்தக் காலை இலவசமாகப் பொருத்தத் தொடங்கியது.

இதில் என் கண்ணில் படுவது, செய்கிறவரின் உடம்பையும் கைத்திறனையும் அவர்கள் கணக்கில் எடுத்ததுதான். கணுக்காலுக்கு மேல் உள்ள கூட்டை அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வடிவமைத்தார்கள். பாத்திரம் தட்டும் கை அந்த ஊரில் ஏற்கனவே இருந்தது. ரப்பர் வேலையும் இருந்தது. அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் அடுத்த நாட்டுக்குப் போனபோதும் பெரிய ஆலை தேவைப்படவில்லை. போரில் கண்ணிவெடிக்குக் காலை இழந்தவர்களுக்காக யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் மையம் அப்படி வந்ததுதான். அங்கும் தோட்டத்தில் வெறுங்காலோடு இறங்குகிற, தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மக்கள்.

அடி பம்பு சொல்லும் கதை

1960களின் பஞ்சத்துக்குப் பிறகு, கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. அவற்றின் மேல் நட்டவை வார்ப்பிரும்பு அடி பம்புகள். ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்கென்று செய்த வடிவத்தின் நகல்கள். பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் ஒரு நாளைக்குச் சில முறை அடிக்கும். நம் ஊரில் விடியும் முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், இருட்டிய பிறகும் அடி நிற்காது. 1970களின் நடுவில் பார்த்தால் பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. கிராமத்துக்காரர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று அப்போது பழி சொன்னவர்கள் உண்டு.

மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிறிஸ்தவ மிஷன்களைச் சேர்ந்தவர்கள் உடைந்த பம்புகளைப் பழுதுபார்த்துப் பார்த்தே வேறு வடிவத்துக்கு வந்திருந்தார்கள். கைப்பிடியில் பல இணைப்புகளுக்குப் பதில் ஒரே அச்சு, கிணற்றுக்குள் இறங்கும் கம்பியைத் தூக்க ஒரு சங்கிலி. அந்த வடிவத்தை எடுத்து யுனிசெஃபும் இந்தியப் பொறியாளர்களும் செம்மைப்படுத்தினார்கள். கோயம்புத்தூர்ப் பகுதியில், தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் கிணறுகளில் வைத்துச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனம் தயாரித்தது. அதுதான் இந்தியா மார்க் 2, நம் தெருமுனைகளில் நிற்கும் அதே அடி பம்பு.

இதை ஒருமுறை அருகில் போய்ப் பாருங்கள். கைப்பிடி கனமான கெட்டி இரும்புக் கட்டை. வீண் கனமோ என்று தோன்றும். கிணற்றுக்குள் தொங்கும் கம்பியின் எடையை அந்தக் கனம்தான் சமன்செய்கிறது. கைப்பிடியின் பக்கம் நீளம், சங்கிலிப் பக்கம் குட்டை, விகிதம் 8க்கு 1. 30 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருந்தால், அடியில் உள்ள 63.5 மி.மீ. விட்டமுள்ள பம்பு உருளைக்கு மேல் நிற்கும் தண்ணீர்ப் பாரம் மட்டுமே சுமார் 95 கிலோ. நெம்புகோல் அதைக் கையில் 12 கிலோவாக்குகிறது. ஓர் அடிக்குச் சுமார் 0.4 லிட்டர், ஆக 15 லிட்டர் குடத்துக்குச் சுமார் 40 அடி அடிக்க வேண்டும். இதைப் பத்து வயதுச் சிறுமியும் அடிப்பாள், வயதான பாட்டியும் அடிப்பார். இன்னும் இலகுவாக்கலாமே என்றால், விகிதத்தைக் கூட்டினால் அடியின் எண்ணிக்கை கூடும். உடம்பு இரண்டு பக்கமும் விலை கொடுக்கிறது, நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் பழுதுபார்ப்பவருக்கும் ஓர் உடம்பு இருக்கிறதே. மார்க் 2இல் அடியில் இருக்கும் ஒரு தோல் வாஷர் தேய்ந்தாலும், 3 மீட்டர் நீளக் குழாய்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். 30 மீட்டர் ஆழமென்றால் குழாய், கம்பி, உள்ளே நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். வேனும் தூக்கும் கருவிகளும் நாலைந்து ஆட்களும் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அது வரும்வரை குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும்.

1980களில் கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் நடந்த களச் சோதனையிலிருந்து மார்க் 3 வந்தது. குழாயை 65 மி.மீ. அகலமாக்கினார்கள். குழாய் தன் இடத்திலேயே இருக்க, கம்பியை மட்டும் உருவினால் பிஸ்டனும் வால்வும் கூடவே மேலே வந்துவிடும். ஊரிலேயே இருக்கும் இரண்டு பேர், ஆணோ பெண்ணோ, சில ஸ்பானர்களோடு வேலையை முடித்துவிடலாம். இதற்கும் விலை உண்டு. அகலக் குழாய் கனம், பணமும் அதிகம், அதுவே துருப்பிடித்தால் தூக்குவது முன்பைவிடச் சிரமம். அதனால் மார்க் 2 அளவுக்கு இது பரவவில்லை. ஆப்பிரிக்காவில் இதே நோக்கத்தோடு உருவான ஆஃப்ரிடெவ் பம்பில் இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள்.

கையேட்டில் உள்ள வேலையும் நடக்கும் வேலையும்

இந்தக் கதைகளை ஒரு கோட்பாடாகக் கோத்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் அலேன் விஸ்னர். ரெனோ கார் நிறுவனத்தில் பணிச்சூழலியல் ஆய்வகத்தைத் தொடங்கியவர், பிறகு பாரிஸில் பேராசிரியராக இருந்தார். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த மாணவர்கள் தங்கள் நாட்டு ஆலைகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, 1980களில் 'மானுடத் தொழில்நுட்பவியல்' என்று பொருள்படும் ஒரு பெயரோடு புதிய ஆய்வு முறையை முன்வைத்தார். மேசை உயரத்தோடு நின்றுவிடாமல், அந்த நாட்டின் மின்சாரம், சாலை, உதிரிபாகக் கடை, மொழி, வேலைப் பழக்கம் எல்லாவற்றையும் இயந்திரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் சொன்னது.

எந்த ஆலையிலும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று கையேட்டில் எழுதியது, மற்றது உண்மையில் நடப்பது. உதிரிபாகம் வரத் தாமதமானால் தொழிலாளி கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடுகிறார். மீட்டர் பொய் சொன்னால் சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்கிறார். இப்படி ஓடும் ஆலை வெளியிலிருந்து பார்த்தால் ஓடுகிறது, உள்ளே குறைபட்ட நிலையில் இருக்கிறது. அதை ஓடவைப்பது தொழிலாளிகளின் சாமர்த்தியம். ஒருநாள் அந்தச் சாமர்த்தியத்தாலும் சமாளிக்க முடியாமல் போகும்.

போபால் அப்படிப்பட்ட நாள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையில் நடந்த விஷவாயுக் கசிவைப் பணிச்சூழலியலாளர்கள் இன்றும் படிக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையில் கணினிக் கண்காணிப்பு இருந்தது, போபாலில் இல்லை. கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன, அதைச் சரளமாகப் படிக்க முடியாத தொழிலாளர்கள் பலர். நச்சு வேதிப்பொருள் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு இருந்த ஆட்களைச் செலவைக் குறைக்கப் பாதியாக்கியிருந்தார்கள். குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மீட்டர்களை நம்ப முடியாது என்பது பழகிப்போயிருந்தது. கண் எரிந்தால் கசிவு என்று தெரிந்துகொள்வார்கள். அன்றிரவும் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகு இதற்கு 'மனிதத் தவறு' என்று பெயர் வைப்பது எளிது. வால்வைத் தொட்ட கையோடு விசாரணையை நிறுத்திக்கொள்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்களைக் குறைக்கக் கையெழுத்துப் போட்டதும் மனிதக் கைதானே.

இதற்கு நேர்மாறான பாதையும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1980களில் சிறு தொழிற்கூடங்களுக்கான ஒரு பயிற்சி முறையை உருவாக்கியது. அதில் முக்கியப் பங்காற்றியவர் ஜப்பானைச் சேர்ந்த கசுடாக்கா கோகி. சர்வதேசப் பணிச்சூழலியல் சங்கத்தோடு சேர்ந்து 1996இல் ஒரு கையேடும் வெளியிட்டார்கள். தள்ளுவண்டி வையுங்கள், அடிக்கடி எடுக்கும் பொருளைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள், கூரையில் வெளிச்சத்துக்கு வழி விடுங்கள் என்பதுபோலப் படத்தோடு கூடிய யோசனைகள், ஒவ்வொன்றும் உள்ளூர்ப் பொருளிலேயே செய்யக்கூடியது.

1990களின் நடுவில் இதை வியட்நாமின் மீகாங் டெல்டாவில், கான் தோ பகுதி விவசாயக் குடும்பங்களுக்காக மாற்றியமைத்தார்கள். பயிற்சியாளர்கள் முதலில் செய்தது, அந்த ஊரிலேயே யாராவது ஏற்கனவே செய்திருக்கும் நல்ல ஏற்பாடுகளைத் தேடிப் புகைப்படம் எடுப்பது. அகலப்படுத்திய வரப்பு, சக்கரம் வைத்த வண்டி, உயர்த்திக் கட்டிய அடுப்பு, இப்படி. பயிற்சிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, கையில் ஒரு பட்டியலோடு பக்கத்து வீட்டு வயலையும் அடுப்படியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பயிற்சி பெற்ற விவசாயிகளே பிறகு அடுத்தடுத்த ஊர்களுக்குப் பயிற்சியாளர்களாகப் போனார்கள்.